சந்திரயான்-3: யாருடைய உழைப்பு, யாருடைய உடைமை?

(தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் ஏவப்பட்டதன் 60ஆம் ஆண்டு நிறைவையொட்டி, 2023 நவம்பரில் திருவனந்தபுரத்தில் தமிழ் பேசும் தோழர்களிடையே ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்.)



கடந்த ஆகஸ்ட் 23 அன்று மாலை 6 மணி 4 நிமிடத்திற்கு, சந்திரயான்-3 சுமந்து சென்ற 'விக்ரம்' தரையிறங்கு கலம் நிலவின் தென்துருவத்தை ஒட்டிய பகுதியில் பத்திரமாக இறங்கியது. சோவியத் யூனியன், அமெரிக்கா, சீனா ஆகிய நாடுகளுக்கு அடுத்து நிலவில் மென்மையாகத் தரையிறங்கிய நான்காவது நாடு இந்தியா. தென்துருவத்திற்கு அவ்வளவு அருகில், ஏறத்தாழ 69 பாகை தென் அகலாங்கில், இறங்கிய முதல் நாடும் இந்தியாதான். அந்த நேரலையை யூடியூபில் மட்டும் ஒரே நேரத்தில் 80 லட்சத்திற்கும் அதிகமானோர் பார்த்துக் கொண்டிருந்தனர். மக்களின் அந்த மகிழ்ச்சி நியாயமானது. நாமும் அதில் முழு மனதோடு பங்கு கொண்டோம்.

மூன்று மாதங்கள் கடந்துவிட்ட நிலையில், இந்த வெற்றிக்கு மூன்று தரப்பினர் உரிமை கோருவதைப் பார்க்கிறோம். இது ஒரு தலைவரின் சாதனை என்கிறது ஆட்சியாளர்களின் விளம்பரம். நம் முன்னோர் அன்றே கண்டறிந்தவைதான் இவை என்கிறது மதவாதப் பிரச்சாரம். இனி இந்தத் துறையை எங்களிடம் விட்டுவிடுங்கள் என்கிறது மூலதனம். மூன்றும் சேர்ந்து மறைக்கும் உண்மை ஒன்று உண்டு. விண்வெளித் திறன் என்பது பொது நிதியிலும் பொது நிறுவனங்களிலும், இரண்டு மூன்று தலைமுறைகளின் கூட்டு உழைப்பால் சேர்ந்தது. அந்தத் தொடர்ச்சி அறுந்தால் திறனும் போய்விடும். அதைப் பற்றித்தான் இன்று உங்களிடம் பேச விரும்புகிறேன்.

ஏவியது முதல் இறங்கியது வரை

ஜூலை 14 பிற்பகல் 2.35 மணிக்கு ஸ்ரீஹரிகோட்டாவின் இரண்டாவது ஏவுதளத்திலிருந்து எல்விஎம்-3 ராக்கெட் புறப்பட்டது. அதன் இருபுறமும் திட எரிபொருள் உந்திகள். ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 200 டன் எரிபொருள். நடுவில் திரவ எரிபொருளில் இயங்கும் இரண்டு விகாஸ் எஞ்சின்கள். அவற்றுக்கு மேலே கிரையோஜெனிக் எஞ்சின். பதினாறு நிமிடங்களில், 3,900 கிலோ எடையுள்ள விண்கலம் புவியைச் சுற்றும் நீள்வட்டப் பாதையில் விடப்பட்டது. பிறகு படிப்படியாக அதன் பாதை உயர்த்தப்பட்டது. ஆகஸ்ட் 1 அன்று அது நிலவை நோக்கித் திருப்பப்பட்டு, ஆகஸ்ட் 5 அன்று நிலவின் ஈர்ப்புக்குள் வந்தது. ஆகஸ்ட் 17 அன்று விக்ரம் கலம் உந்துகலத்திலிருந்து பிரிந்தது.

ஆகஸ்ட் 23 மாலையில் கடைசிக் கட்டம் தொடங்கியது. ஏறத்தாழ 30 கிலோமீட்டர் உயரத்தில் விநாடிக்கு ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் அதிகமான வேகத்தில் பறந்து கொண்டிருந்த கலம், 19 நிமிடங்களில் வேகத்தைக் குறைத்து நின்று இறங்க வேண்டும். நிலவில் காற்று இல்லை. எனவே பாராசூட் உதவாது. எஞ்சின்களை எதிர்த்திசையில் இயக்கித்தான் வேகத்தைக் குறைக்க முடியும். எவ்வளவு உயரத்தில் இருக்கிறோம், எவ்வளவு வேகத்தில் போகிறோம், கீழே பள்ளமா பாறையா என்பதையெல்லாம் கலமே அளந்து, கலமே முடிவெடுக்க வேண்டும். அந்த 19 நிமிடங்களில் பூமியிலிருந்து யாரும் அதை ஓட்டவில்லை. அதற்குள் ஏற்றப்பட்டிருந்தது ஆயிரக்கணக்கானோர் பல்லாண்டுகள் உழைத்துச் சேர்த்த அறிவு.

அந்த உழைப்பின் பெரும்பகுதி இந்த நகரத்தில் நடந்தது. ராக்கெட்டை வடிவமைத்தது தும்பாவில் உள்ள விக்ரம் சாராபாய் விண்வெளி மையம். தரையிறங்கு கலத்தின் எஞ்சின்களை உருவாக்கியது வலியமலையில் உள்ள திரவ உந்து அமைப்புகள் மையம். திசையையும் முடுக்கத்தையும் அறியும் கருவிகளுக்கான ஆய்வும் உற்பத்தியும் நடப்பது வட்டியூர்க்காவில். நிலவின் மண்ணுக்குள் வெப்பத்தை அளந்த 'சேஸ்ட்' கருவியையும், அங்குள்ள மின்னூட்டத் துகள்களை அளந்த 'ரம்பா' கருவியையும் உருவாக்கிய விண்வெளி இயற்பியல் ஆய்வகம் தும்பா மையத்தின் ஓர் அங்கம். இங்கிருந்து தெற்கே சென்றால், நெல்லை மாவட்டத்து மகேந்திரகிரியில் எஞ்சின்கள் சோதிக்கப்படும் மையம் இருக்கிறது. 1956 நவம்பர் 1 வரை குமரி மாவட்டம் இதே மாநிலத்தோடு இருந்தது என்பதை இங்குள்ள தோழர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. மாநில எல்லைகள் மாறின. மலையாளிகளும் தமிழர்களும் அருகருகே நின்று செய்த இந்த வேலை தொடர்ந்தது.

இறங்கிய பின் நடந்தவையும் முக்கியமானவை. 26 கிலோ எடையும் ஆறு சக்கரங்களும் கொண்ட 'பிரக்யான்' ஊர்தி 100 மீட்டருக்கும் அதிகமான தூரம் நகர்ந்தது. நிலவின் மண்ணில் கந்தகம் இருப்பதை நேரடியாக அளந்து உறுதி செய்தது. மேற்பரப்பில் 50 டிகிரி செல்சியசுக்கும் அதிகமான வெப்பம் நிலவிய இடத்தில், வெறும் 8 சென்டிமீட்டர் ஆழத்தில் உறைநிலைக்குக் கீழே மைனஸ் 10 டிகிரி இருந்ததைச் சேஸ்ட் கருவி காட்டியது. செப்டம்பர் 3 அன்று விக்ரம் கலம் தன் எஞ்சின்களை மீண்டும் இயக்கி, ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் எழும்பி, சற்றுத் தள்ளி இறங்கியது. என்றாவது நிலவிலிருந்து மண்ணையும் கல்லையும் கொண்டு வருவதற்கான முதல் பயிற்சி இது.

தோல்வியை மறைக்காத முறை

இந்த வெற்றியைப் புரிந்துகொள்ள நான்கு ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும். 2019 செப்டம்பர் 7 அதிகாலையில் சந்திரயான்-2இன் தரையிறங்கு கலம் நிலவில் மோதி நொறுங்கியது. காரணங்களை விஞ்ஞானிகள் ஒன்றொன்றாக ஆராய்ந்தனர். எஞ்சின்கள் எதிர்பார்த்ததைவிடக் கூடுதல் உந்துவிசை தந்ததால் பிழைகள் சேர்ந்துகொண்டே போயின. அவற்றைச் சரிசெய்யக் கலம் வேகமாகத் திரும்ப வேண்டியிருந்தது. ஆனால் அந்த அளவுக்குத் திரும்ப அதற்கு அனுமதி தரப்படவில்லை. இறங்குவதற்கென ஒதுக்கப்பட்ட இடமும் 500 மீட்டருக்கு 500 மீட்டர் என மிகச் சிறியது.

சந்திரயான்-3இல் ஐந்து எஞ்சின்கள் நான்காகக் குறைக்கப்பட்டன. கால்கள் வலுப்படுத்தப்பட்டன. விநாடிக்கு 2 மீட்டருக்குப் பதிலாக 3 மீட்டர் வேகத்தில் இறங்கினாலும் தாங்கும்படி செய்யப்பட்டது. இறங்கும் பகுதி 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டர் என விரிவாக்கப்பட்டது. வேகத்தை நேரடியாக அளக்கும் லேசர் கருவி சேர்க்கப்பட்டது. எது நன்றாக நடக்கும் என்று கணக்கிடுவதோடு நிற்காமல், எதுவெல்லாம் பழுதாகலாம் என்று பட்டியலிட்டு, பழுதானாலும் இறங்கும்படி வடிவமைத்தோம் என இஸ்ரோ தலைவர் சோமநாத் விளக்கினார்.

அறிவியல் செயல்படும் முறை இதுதான். தவறைத் திறந்து வைத்து, அளந்து, மீண்டும் முயல்வது. இதற்குக் காலம் வேண்டும், பணம் வேண்டும். அவற்றைவிட முக்கியமாக, ஒரு தோல்விக்காக மூடப்பட்டுவிடாத நிறுவனம் வேண்டும். அடுத்த காலாண்டின் இலாபக் கணக்கைக் காட்டியாக வேண்டிய நிறுவனத்தால் இதை எளிதில் செய்ய இயலாது.

கிரையோஜெனிக் எஞ்சினின் வரலாறும் இதையே சொல்கிறது. 1991இல் சோவியத் நிறுவனத்துடன் செய்த ஒப்பந்தப்படி அந்தத் தொழில்நுட்பம் இந்தியாவுக்கு வந்திருக்க வேண்டும். சோவியத் யூனியன் சிதைந்தது. 1992இல் அமெரிக்கா இஸ்ரோ மீது தடை விதித்தது. அமெரிக்க நிர்ப்பந்தத்துக்குப் பணிந்த ரஷ்யா, 1993இல் தொழில்நுட்பத்தைத் தர மறுத்து எஞ்சின்களை மட்டும் தர ஒப்புக்கொண்டது. இந்தியாவில் உருவாக்கிய எஞ்சினைக் கொண்ட முதல் முயற்சி 2010 ஏப்ரலில் தோற்றது. 2014 ஜனவரி 5 அன்றுதான் அது வென்றது. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வலியமலையிலும் மகேந்திரகிரியிலும் இருந்தவர்கள் விடாமல் உழைத்ததன் பலன் அது.

இதன் மறுபக்கத்தையும் இந்த ஆகஸ்டிலேயே கண்டோம். விக்ரம் இறங்குவதற்கு நான்கு நாட்கள் முன்னதாக, ஆகஸ்ட் 19 அன்று ரஷ்யாவின் லூனா-25 நிலவில் மோதி அழிந்தது. பாதையை மாற்ற 84 விநாடிகள் இயங்க வேண்டிய எஞ்சின் 127 விநாடிகள் இயங்கிவிட்டது. 1966இல் லூனா-9 மூலம் மனிதகுல வரலாற்றில் முதன்முதலாக நிலவில் மென்மையாகத் தரையிறங்கிய நாடு சோவியத் யூனியன். 1970இல் லூனாகோட்-1 என்ற முதல் நிலவு ஊர்தியை ஓட்டியதும் அதுவே. 1976இல் லூனா-24 நிலவு மண்ணைக் கொண்டு வந்தது. அதன்பின் 47 ஆண்டுகள் இடைவெளி. விபத்துக்கு உடனடிக் காரணம் ஒரு தொழில்நுட்பப் பழுதுதான். ஆனால் சோசலிசம் வீழ்ந்து, நிறுவனங்கள் நிதியின்றி வாடி, அனுபவம் மிக்கவர்கள் அடுத்த தலைமுறைக்குக் கற்றுத்தர இயலாமல் ஓய்வு பெற்றுச் சென்ற அந்த நீண்ட இடைவெளியை எண்ணாமல் அந்த விபத்தைக் கடந்து செல்ல முடியாது. திறன் என்பது வாங்கிப் பெட்டியில் பூட்டி வைக்கும் பொருளல்ல. கையிலிருந்து கைக்கு மாறிக் கொண்டிருந்தால்தான் அது உயிரோடு இருக்கும்.

தும்பா கொடுத்தது

1963 நவம்பர் 21 அன்று தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் புறப்பட்டது. புவியின் காந்த நடுக்கோடு இந்தக் கடற்கரையை ஒட்டிச் செல்வதால் மேல்வளிமண்டல ஆய்வுக்கு இந்த இடம் தேர்வு செய்யப்பட்டது. அது காட்டு நிலம் அல்ல. மீனவ மக்கள் வாழ்ந்த ஊர். அங்கு அவர்களுடைய புனித மரிய மகதலேனா தேவாலயம் இருந்தது. ஆயர் பீட்டர் பெர்னார்ட் பெரேராவின் ஒத்துழைப்போடு, பள்ளித்துறை மீனவ மக்கள் தங்கள் குடியிருப்புகளையும் வழிபாட்டுத் தலத்தையும் நாட்டுக்காக விட்டுக்கொடுத்து அருகில் குடியேறினர். தேவாலயம் அலுவலகமானது. ஆயர் இல்லம் பணிமனையானது. ராக்கெட்டின் பாகங்கள் சைக்கிளில் எடுத்துச் செல்லப்பட்டன. அந்தத் தேவாலயக் கட்டடம் இன்று விண்வெளி அருங்காட்சியகமாக நிற்கிறது.

வழிபாட்டுத் தலங்களின் பெயரால் நாடு பிளக்கப்படும் இக்காலத்தில், உழைக்கும் மக்கள் தங்கள் வழிபாட்டுத் தலத்தையே அறிவியலுக்குத் தந்த வரலாறு நம் மாநிலத்தில் இருக்கிறது என்பதை உரக்கச் சொல்ல வேண்டும்.

அன்று ஏவப்பட்ட ராக்கெட் அமெரிக்காவினுடையது. அது சுமந்து சென்ற கருவி பிரான்ஸ் நாட்டினுடையது. ஹெலிகாப்டரையும் கணினியையும் தந்தது சோவியத் யூனியன். பின்னர் சோவியத் எம்-100 வானிலை ராக்கெட்டுகள் பல்லாண்டுகள் தும்பாவிலிருந்து தொடர்ந்து ஏவப்பட்டன. 1968இல் தும்பா ஏவுதளம் ஐக்கிய நாடுகள் சபைக்கு அர்ப்பணிக்கப்பட்டது. இந்தியாவின் முதல் செயற்கைக்கோளான ஆரியபட்டா 1975 ஏப்ரல் 19 அன்று சோவியத் மண்ணிலிருந்தே சோவியத் ராக்கெட்டில் ஏவப்பட்டது. தற்சார்பு என்பது தனிமைப்படுதல் அல்ல. எல்லோரிடமும் கற்று, யாருக்கும் அடிமைப்படாமல், சொந்தக் காலில் நிற்பதே தற்சார்பு.

திரையில் தெரியாத முகங்கள்

விக்ரம் தரையைத் தொட்ட கணத்தில், ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து பிரதமரின் முகம் திரையின் ஒரு பாதியில் தோன்றியது. திரையில் தோன்றாத முகங்களைப் பற்றிச் சொல்கிறேன்.

கொல்லம் மாவட்டம் சவராவில், கடற்கரைக் கருமணலிலிருந்து டைட்டானியம் பிரித்தெடுக்கும் கேரள அரசு நிறுவனமான கேஎம்எம்எல் இருக்கிறது. விண்வெளிக்கான டைட்டானியம் ஸ்பாஞ்ச் செய்யும் அதன் ஆலை, தும்பா மையத்தின் நிதியிலும் பாதுகாப்புத் துறை ஆய்வகத்தின் தொழில்நுட்பத்திலும் உருவானது. மின்னணுப் பாகங்களைச் செய்தது கெல்ட்ரான். உலோக ஃபோர்ஜிங் பாகங்களைச் செய்தது திருச்சூர் அத்தாணியில் உள்ள எஸ்ஐஎஃப்எல். திட எரிபொருள் தயாரிப்புக்குத் தேவையான சோடியம் குளோரேட்டைத் தந்தது திருவிதாங்கூர் கொச்சி கெமிக்கல்ஸ். இவை அனைத்தும் கேரள அரசின் பொதுத்துறை நிறுவனங்கள். நஷ்டத்தில் ஓடுகின்றன, விற்றுவிடுங்கள் என்று பலமுறை அறிவுரை கூறப்பட்ட நிறுவனங்களும் இவற்றில் உண்டு.

தமிழ்நாட்டுக்கும் இதில் பங்குண்டு. சந்திரயான்-2 காலத்தில், கலத்தையும் ஊர்தியையும் சோதித்துப் பார்க்க நிலவின் மண்ணைப் போன்ற மண் தேவைப்பட்டது. அமெரிக்காவிலிருந்து வாங்கினால் பெருஞ்செலவு. நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியிலும் குன்னமலையிலும் அதையொத்த அனார்த்தசைட் பாறை உண்டு. சேலம் பெரியார் பல்கலைக்கழகப் புவியியல் ஆய்வாளர்களின் துணையோடு அந்தப் பாறை அரைக்கப்பட்டு பெங்களூருக்குச் சென்றது. நிலவில் ஓடிய சக்கரங்கள் முதலில் கொங்கு மண்ணில்தான் ஓடிப் பழகின.

சந்திரயான்-3இன் திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்து ரயில்வே தொழிலாளியின் மகன். சந்திரயான்-2 காலத்தில் இஸ்ரோவுக்குத் தலைமை தாங்கிய சிவன், குமரி மாவட்டத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்து அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர். சந்திரயான்-1இன் திட்ட இயக்குநர் மயில்சாமி அண்ணாதுரையும் அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவரே. சந்திரயான்-2இன் திட்ட இயக்குநர் வனிதா ஒரு பெண். அரசுப் பள்ளியும் அரசுக் கல்லூரியும் இல்லையென்றால் இவர்களில் பலர் இந்த இடத்திற்கு வந்திருக்க முடியாது. கல்வியைக் கடைச்சரக்காக்கும் கொள்கை நாளைய வீரமுத்துவேல்களின் வழியை அடைக்கிறது.

இனி ராஞ்சிக்கு வருகிறேன். அங்குள்ள கனரகப் பொறியியல் கழகமான எச்இசி, சோவியத் யூனியன், செக்கோஸ்லோவாக்கியா ஆகியவற்றின் உதவியோடு உருவான பொதுத்துறை நிறுவனம். நாடே கொண்டாடிய இந்த ஆண்டில், அதன் தொழிலாளர்களுக்கும் பொறியாளர்களுக்கும் ஓராண்டுக்கும் மேலாகச் சம்பளம் வழங்கப்படவில்லை. இது பேசுபொருளானபோது, சந்திரயான்-3க்கென எச்இசியிடம் எந்தக் கருவிக்கும் ஆர்டர் தரவில்லை என்று ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் கூறியது. அதே பதிலில், 2003 முதல் 2010 வரை நகரும் ஏவுமேடை, கோபுரக் கிரேன், கதவுகள் முதலிய உட்கட்டமைப்புகளை இஸ்ரோவுக்கு எச்இசி வழங்கியதையும் ஒப்புக்கொண்டது. மேடையைக் கட்டிய கைகளுக்குக் கூலி இல்லை. மேடையிலிருந்து புறப்பட்ட கலத்துக்கு மட்டும் கைதட்டல். இந்த முரண்பாட்டைக் கேள்வி கேட்பது தேசவிரோதம் அல்ல.

பசித்தவர்களுக்கு நிலவு எதற்கு?

கிளைக் கூட்டங்களில் இந்தக் கேள்வி எழுவதுண்டு. எழ வேண்டிய கேள்விதான். சந்திரயான்-3க்கு ஆன செலவு ஏறத்தாழ 615 கோடி ரூபாய். 140 கோடி மக்களுக்குப் பகிர்ந்தால் தலைக்கு ஐந்து ரூபாய்கூட ஆகாது. நாட்டில் பசி இருப்பதற்குக் காரணம் இந்தத் தொகை அல்ல. செல்வத்தைப் பங்கிடும் முறையே காரணம்.

ஆனால் கேள்வியை அத்தோடு முடித்துவிடக் கூடாது. விண்வெளி அறிவு எளிய மனிதருக்குப் பயன்படுகிறதா என்று விடாமல் கேட்க வேண்டும். வளர்ந்த நாடுகளோடு போட்டியிடுவது நம் நோக்கமல்ல, நம் சமூகத்தின் பிரச்சனைகளைத் தீர்க்க உயர் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்துவதே நோக்கம் என்பதுதான் இத்துறையைத் தொடங்கிய விக்ரம் சாராபாய் வகுத்த வழி.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் அடித்தது. குமரி, திருவனந்தபுரம் மாவட்டங்களின் மீனவர்கள் பலர் ஆழ்கடலில் மாண்டனர். பலர் திரும்பவே இல்லை. வானிலிருந்து புயலைக் காணும் செயற்கைக்கோள்கள் நம்மிடம் இருந்தன. ஏற்கெனவே கடலுக்குள் சென்றுவிட்ட படகுக்கு அந்தச் செய்தியைக் கொண்டு சேர்க்கும் வழி இல்லை. ராக்கெட்டுக்கு நிலம் தந்த அதே கடற்கரையின் மக்கள் ஒரு செய்தி கிடைக்காமல் இறந்தார்கள். அதன் பிறகே, இந்தியாவின் நாவிக் செயற்கைக்கோள் வழியாக ஆழ்கடல் படகுகளுக்கு எச்சரிக்கை அனுப்பும் கருவிகள் மீனவர்களிடம் வரத் தொடங்கின. இந்த அனுபவத்திலிருந்து விண்வெளியே வேண்டாம் என்ற முடிவுக்கு நாம் வருவதில்லை. விண்வெளியின் பயன் கடைசிப் படகு வரை போய்ச் சேர வேண்டும் என்ற முடிவுக்கே வருகிறோம். கடைசிப் படகில் இலாபம் இல்லை. எனவே அந்த வேலையை அரசு மட்டுமே செய்யும். அரசுதான் செய்ய வேண்டும்.

விற்பனைக்கு வைக்கப்படும் வானம்

2020இல் விண்வெளித் துறை தனியாருக்குத் திறந்துவிடப்பட்டது. இந்த ஆண்டு ஏப்ரலில் ஒன்றிய அமைச்சரவை ஏற்ற இந்திய விண்வெளிக் கொள்கை மேலும் ஒரு படி சென்றது. நடைமுறைப் பயன்பாட்டுக்கான விண்வெளி அமைப்புகளின் உற்பத்தியிலிருந்து இஸ்ரோ விலக வேண்டும், முதிர்ச்சி பெற்ற தொழில்நுட்பங்களை வணிகப் பயன்பாட்டுக்காகத் தொழில் நிறுவனங்களிடம் ஒப்படைக்க வேண்டும் என்கிறது அக்கொள்கை. இத்தனைக்கும், விண்வெளிச் செயல்பாடுகளுக்கான சட்டம் ஒன்று இன்னும் இயற்றப்படவில்லை. 2017இல் வெளியான வரைவு வரைவாகவே கிடக்கிறது.

தனியார் நிறுவனங்களுக்கு இதில் பங்கே இல்லை என்று நாம் சொல்லவில்லை. லார்சன் அண்ட் டூப்ரோ, கோத்ரெஜ் போன்ற நிறுவனங்கள் பல ஆண்டுகளாக ராக்கெட்டின் பாகங்களைச் செய்து தருகின்றன. சிறிய பட்டறைகள் பலவும் செய்கின்றன. ஆனால் வடிவமைப்பும் சோதனையும் பொறுப்பும் இதுவரை பொது நிறுவனத்திடம் இருந்தன. இப்போது நடப்பது வேறு. அறுபது ஆண்டுகள் ஆராய்ச்சியின் செலவையும் தோல்விகளின் சுமையையும் மக்கள் தாங்கினர். பலன் தரும் நிலைக்கு வந்தவை மட்டும் இலாபத்துக்காகக் கைமாறுகின்றன. ஆராய்ச்சி இஸ்ரோவிடமே இருக்கும் என்று ஆறுதல் கூறுகிறார்கள். அதற்கான நிதி எங்கே? 2022-23 நிதிநிலை அறிக்கையில் விண்வெளித் துறைக்கு 13,700 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. 2023-24இல் அது ஏறத்தாழ 12,544 கோடியாகக் குறைக்கப்பட்டது. உற்பத்தியும் இல்லை, நிதியும் குறைவு என்றால், கையிலிருந்து கைக்கு மாறும் அந்தத் திறன் எங்கே வாழும்?

நிலவும் இந்தச் சந்தைக்குத் தப்பவில்லை. 1967ஆம் ஆண்டு விண்வெளி உடன்படிக்கைப்படி எந்த நாடும் நிலவைச் சொந்தம் கொண்டாட முடியாது. நிலவின் வளங்கள் மனிதகுலத்தின் பொது மரபு என்று கூறும் 1979ஆம் ஆண்டு நிலவு உடன்பாட்டில் இந்தியா 1982இல் கையெழுத்திட்டது. ஆனால் அதை உறுதி செய்யவில்லை. விண்வெளியில் தோண்டி எடுக்கும் வளங்கள் தன் நாட்டு நிறுவனங்களுக்கே உடைமை என 2015இல் அமெரிக்கா சட்டம் இயற்றியது. வளங்களை எடுப்பது சொந்தம் கொண்டாடுவது ஆகாது என்று வாதிடும் ஆர்ட்டெமிஸ் ஒப்பந்தங்கள் அமெரிக்கத் தலைமையில் உருவாயின. சந்திரயான்-3 ஏவப்படுவதற்கு மூன்று வாரங்கள் முன்பு, ஜூன் 21 அன்று பிரதமரின் அமெரிக்கப் பயணத்தின்போது, இந்தியா அதில் இணைந்தது. நாடாளுமன்றம் விவாதித்து எடுத்த முடிவல்ல அது. சொந்தத் திறனால் நிலவுக்குச் செல்லும் நாடு, அங்கே யாருடைய விதிகளின்படி நடக்க வேண்டும் என்பதை மக்கள் அறிய வேண்டாமா?

அறிவியல் யாருக்கும் அடிமையல்ல

ஆகஸ்ட் 26 அன்று, கலம் இறங்கிய இடத்துக்குப் பிரதமர் 'சிவசக்தி' எனப் பெயரிட்டார். ஒரு விஞ்ஞானி கோவிலுக்குச் செல்வதும் செல்லாதிருப்பதும் அவருடைய தனிப்பட்ட உரிமை. அதில் நாம் தலையிடுவதில்லை. எல்லா மதத்தினரும், மதம் இல்லாதோரும் உழைத்துப் பெற்ற பொதுச் சாதனையின் மீது அரசே ஒரு மதத்தின் அடையாளத்தைப் பதிப்பதைத்தான் எதிர்க்கிறோம்.

அதைவிட ஆபத்தானது கடந்த மாதம் நடந்தது. சந்திரயானைப் பற்றிப் பள்ளி மாணவர்களுக்காக என்சிஇஆர்டி வெளியிட்ட பாடத் தொகுப்பு ஒன்று, வேதங்களில் பறக்கும் வாகனங்கள் கூறப்பட்டிருப்பதாகவும், வைமானிக சாஸ்திரம் என்ற நூல் நம் பழங்கால அறிவுக்குச் சான்று என்பது போலவும் எழுதியது. அந்த நூலை பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்வாளர்கள் 1974ஆம் ஆண்டிலேயே ஆராய்ந்துவிட்டனர். அது 1904க்கு முற்பட்டதாக இருக்க முடியாது, அதில் விவரிக்கப்படும் விமானம் எதற்கும் பறக்கும் தகுதி இல்லை என்பது அவர்கள் கண்ட முடிவு. இதே என்சிஇஆர்டிதான் பத்தாம் வகுப்புப் பாடத்திலிருந்து டார்வினின் பரிணாமக் கோட்பாட்டை நீக்கியது. உண்மையான அறிவியலை எடுத்துவிட்டுப் பொய்யை அந்த இடத்தில் வைக்கிறார்கள்.

நம் முன்னோருக்கு வானியல் அறிவு இல்லை என்று நாம் சொல்லவில்லை. பொதுக்காலம் ஐந்தாம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஆரியபட்டர் பூமி தன்னைத்தானே சுற்றுவதையும், கிரகணம் நிழலால் உண்டாவதையும் கணக்கிட்டுச் சொன்னார். நிலவை விழுங்கும் பாம்பின் கதையை ஏற்காமல் அவர் கணக்கிட்டார். அந்தத் துணிவின் வாரிசு விக்ரம் கலம். அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது ஒவ்வொரு குடிமகனின் கடமை என அரசியல் சாசனத்தின் 51ஏ(எச்) பிரிவு கூறுகிறது. பாடநூல் எழுதுவோருக்கும் அந்தக் கடமை உண்டு.

நாம் செய்ய வேண்டியவை

தோழர்களே! இந்தச் சாதனையைப் பிறர் விளக்கட்டும் என்று நாம் விட்டுவிடக் கூடாது. கிளைகளிலும் தொழிற்சங்கங்களிலும் வாலிபர், மாணவர் அமைப்புகளிலும் இதைப் பேச வேண்டும். சந்திரயான் எப்படி இறங்கியது என்பதைப் பத்து நிமிடத்தில் தெளிவாக விளக்கத் தெரிந்த தோழர் ஒருவர் ஒவ்வொரு பகுதியிலும் இருக்க வேண்டும். சாத்திர சாகித்திய பரிஷத் இங்கும், தமிழ்நாடு அறிவியல் இயக்கம் அங்கும் பல பத்தாண்டுகளாகச் செய்து வரும் பணிக்கு நம் ஆதரவைத் தர வேண்டும். மாணவர்களைத் தும்பாவின் அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் சென்று, அந்தத் தேவாலயத்தின் கதையைச் சொல்ல வேண்டும்.

நம் கோரிக்கைகளும் தெளிவாக இருக்க வேண்டும். எச்இசி தொழிலாளர்களின் சம்பளப் பாக்கி முழுவதும் உடனே வழங்கப்பட வேண்டும். விண்வெளித் துறைக்கான ஒதுக்கீடு உயர்த்தப்பட வேண்டும். விண்வெளி மையங்களிலும் அவற்றுக்குப் பொருள் வழங்கும் நிறுவனங்களிலும் நிரந்தரத் தன்மையுள்ள வேலைகளைச் செய்யும் ஒப்பந்தத் தொழிலாளர்கள் நிரந்தரமாக்கப்பட வேண்டும். முதிர்ச்சி பெற்ற தொழில்நுட்பங்களின் உற்பத்தி பொதுத்துறையிலேயே தொடர வேண்டும். விண்வெளிக் கொள்கையும் ஆர்ட்டெமிஸ் ஒப்பந்தமும் நாடாளுமன்றத்தில் முழுமையாக விவாதிக்கப்பட வேண்டும். ஆழ்கடலுக்குச் செல்லும் ஒவ்வொரு படகுக்கும் எச்சரிக்கைக் கருவி அரசின் செலவில் கிடைக்க வேண்டும்.

செப்டம்பர் தொடக்கத்தில் நிலவில் இரவு வந்தபோது விக்ரமும் பிரக்யானும் உறங்க வைக்கப்பட்டன. மீண்டும் விடிந்தபோது அவை விழிக்கவில்லை. பதினான்கு நாள் வேலைக்காகச் செய்யப்பட்டவை தம் வேலையை முழுமையாக முடித்துவிட்டன. அடுத்த கலத்தைச் செய்யப் போகிறவர்கள் இன்று ஏதோவோர் அரசுப் பள்ளியில் படித்துக் கொண்டிருக்கிறார்கள். அவர்கள் வளர்ந்து வரும்போது தும்பாவும் வலியமலையும் மகேந்திரகிரியும் சவராவும் ராஞ்சியும் மக்களின் உடைமையாக இருக்க வேண்டும். அதற்கான போராட்டம் நம்முடையது.